வராத இளங்கோ

ஆள்மாறாட்டக் கதை தமிழ்ப் படவுலகுக்குப் புதிதன்று. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பாவும், 1949-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் எம். கே. ராதாவும் இரட்டையராக வந்து நம் பாட்டனார்களை மயக்கினர். அந்தக் கதைகளுக்கு வாளும் குதிரையும் வேண்டியிருந்தன. 1965 பொங்கலன்று வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’க்கோ ஒரு வீடும் மாடிப்படியும் சாட்டையுமே போதுமானவையாயின.

ராமு பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆயினும் அக்காள் கணவன் கஜேந்திரனின் நிழலைக் கண்டாலே நடுங்குபவன். இளங்கோ ஏழை வீட்டில் வளர்ந்தவன்; அச்சம் அறியாதவன். இருவரும் எம்.ஜி.ஆர்.தான். அடி பொறுக்காமல் ராமு வீட்டைவிட்டு ஓட, சந்தர்ப்பம் இவனை அவன் வீட்டிலும் அவனை இவன் வீட்டிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஓட்டலில் ஒருவன் தின்றுவிட்டுப் போகிறான். கணக்கு மற்றவன் தலையில் விழுகிறது. கடைசியில், ராமுவின் முதுகை அறிந்த சாட்டை கஜேந்திரனாக வரும் நம்பியாரின் முதுகுக்குத் திரும்புகிறது. அதோடு வாலியின் பாட்டும் டி. எம். சௌந்தரராஜனின் குரலும் சேரும்போது, கைதட்டாமல் இருக்க யாரால் முடியும்?

இயக்குநர் தபி சாணக்யா இதே கதையை 1964-இல் தெலுங்கில் என். டி. ராமராவைக் கொண்டும், 1967-இல் இந்தியில் திலீப்குமாரைக் கொண்டும் எடுத்தார். மலையாளத்தில் 1976-இல் பிரேம் நசீர் நடித்தார். முகம் ஒன்று, மனம் இரண்டு என்ற வேடிக்கைக்கு மொழி தடையாகவில்லை.

காதலிலும் இதே கூத்துத்தான். சரோஜாதேவி நடித்த லீலா, இளங்கோவை ராமு என்று எண்ணிக்கொண்டே காதலிக்கிறாள். ரத்னா நடித்த சாந்தாவின் அன்பு ராமுவைச் சேர்கிறது. பெயர்க் குழப்பம் தீர்ந்த பின்னும் ஜோடிகள் மாறுவதில்லை. யாருடைய சுபாவத்தை விரும்பினார்களோ அவரையே மணக்கிறார்கள். வெறும் சிரிப்புப் படம் என்று நாம் ஒதுக்கும் ஒன்றில் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

இந்தப் படத்தை நான் முழுவதும் பார்த்தது மட்டாஞ்சேரியில், அத்தை வீட்டில், ஓண விடுமுறையில். பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் இடம். அங்கே ஒருவரை மற்றொருவராக எண்ணுவது அன்றாட நிகழ்ச்சி. கடைக்காரர் ஒருவர் என்னிடம் கொங்கணியில் தொடங்கி, மலையாளத்துக்கு மாறி, தமிழில் வந்து நின்றார். அடுத்த வீட்டு மலையாளி அம்மாளும் படம் பார்க்க வந்தார். எம்.ஜி.ஆரின் குடும்பம் பாலக்காட்டுப் பக்கம் அல்லவா? “எங்கள் வீட்டுப் பிள்ளை” என்று அவர் உரிமை கொண்டாட, அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கண்டிக்கு அருகில் பிறந்தவருக்காக இரண்டு வீடுகளின் வழக்கு!

சாட்டைக் காட்சி வந்தது. நானும் அந்த அம்மாளும் கைதட்டினோம். அத்தை பேசாமல் இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “அவனுக்கு ஒருத்தன் வந்தான். நமக்கெல்லாம் யாருடா வருவா?”

எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் மாமாவின் தமையனார் சொல்தான் சட்டம். கடைச் சாவி முதல் அரிசிக் கணக்கு வரை அவர் கையில். அத்தை பேசியதெல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான். மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும், படித்தது போதும் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று அத்தை கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். “அவள் படிப்பாள்” என்றாள். அவ்வளவுதான். சாட்டையும் இல்லை, பாட்டும் இல்லை. “காலெல்லாம் நடுங்கிச்சுடா, ஆனா நின்னுட்டேன்” என்றாள் என்னிடம். அந்தப் பெண் இப்போது மருந்தியல் படிக்கிறாள்.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் வகுப்பில் ராமு, விடுதி அறையில் இளங்கோ! மொழி தெரியாத ஊர் என்கிறோம். கட்டணக் கணக்கில் பிழை என்று தெரிந்தும் அலுவலகச் சன்னலருகே வாயடைத்து நிற்கிறோம். அறைக்குத் திரும்பியதும் வீரவசனம் பேசுகிறோம். திரையில் இரண்டு ஆளாகப் பிரித்து வைத்ததை நாம் ஓர் உடம்பிலேயே சுமந்து திரிகிறோம்.

படத்தை அவசியம் பாருங்கள், வயிறு வலிக்கச் சிரியுங்கள், சாட்டைக்குக் கைதட்டுங்கள். மறுநாள் அந்தச் சன்னலுக்குப் போகும்போது மட்டும், இளங்கோ வருவான் என்று காத்து நிற்காதீர்கள்.