ஓக் மரத்தடியில் ஒரு வகுப்பு



எங்கள் மதரஸாவுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. "நல்ல இடமே இல்லாமல் என்ன படிப்பு, ஹஜ்ரத்?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி மனத்தைச் சோர்வுறச் செய்யும் நாள்களில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஓர் ஓக் மரத்தை எண்ணிக்கொள்வேன்.

அடிமைகளைக் கூட்டி எழுத்தறிவிப்பதை அம்மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861ஆம் ஆண்டில், மேரி பீக் என்னும் கறுப்பினப் பெண்மணி, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தோரை அம்மரத்தடியில் அமர்த்திப் பாடம் சொன்னார். பகலில் சிறுவர்கள் படித்தார்கள். இரவில் பெரியவர்கள் படித்தார்கள். சில மாதங்களிலேயே, 1862 பிப்ரவரியில், காசநோய் அவரைக் கொண்டுபோனது.

அவர் பாடம் சொன்ன அந்த ஊரில், 1868இல் ஹாம்ப்டன் கல்வி நிலையம் தோன்றியது. அம்மரம் இன்றும் அப்பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1872இல் அங்கு மாணவராகச் சேர்ந்தார். பின்னர் 1881இல் அலபாமாவின் டஸ்கீகியில் ஒரு கல்வி நிலையத்தைப் பொறுப்பேற்றுத் தொடங்கினார். அங்கே மாணவர்களே செங்கல் அறுத்துச் சுட்டுத் தம் வகுப்பறைகளைக் கட்டினார்கள்.

கைத்தொழிற் பயிற்சியே முதன்மையானது என்றார் வாஷிங்டன். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற டூ பாய்ஸ் அதை மறுத்து, உயர்ந்த கலைக்கல்வியும் வேண்டும் என்று வாதிட்டார். பிழைக்க வழியும் வேண்டும், நிமிர்ந்து சிந்திக்க அறிவும் வேண்டும் என்பதே அவ்விவாதத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றக் கல்லூரிகளின் கதவுகளும் படிப்படியாகத் திறந்தன. இனி இத்தனிக் கல்லூரிகள் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. ஆயினும் இன்றும் ஏறத்தாழ நூறு நிறுவனங்கள் இயங்குகின்றன; அவை எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு. 'உன்னால் முடியும்' என்று நம்பிக் காத்திருக்கும் ஆசிரியர் கிடைப்பது வேறு. அந்த நம்பிக்கையைத் தேடியே மாணவர்கள் இன்னமும் அங்கே செல்கிறார்கள் என்று எண்ணுகிறேன்.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டஸ்கீகி மாணவர்கள் அதற்காகவே மண் சுமந்தார்கள். ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது, சுவரைப் பார்ப்பதற்கு முன், அங்குள்ள ஆசிரியரிடம் சற்று நேரம் அமர்ந்து பேசுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள்.