முழங்காலும் அச்சமும்

மலர்க் குழுவினர் கல்லூரி நினைவுகளை எழுதுமாறு எம்மைக் கேட்டனர். ஆசிரியர்தம் பிரம்பையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். யாமோ எமது இடது முழங்காலைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அதுவும் கல்லூரி மைதானத்திற் பெற்ற பேறே ஆதலின், மலருக்குப் புறம்பானதென ஆசிரியர் தள்ளிவிடார் என நம்புகின்றோம்.

2015ஆம் ஆண்டு பழைய மாணவருக்கும் இந்நாள் மாணவருக்கும் இடையே உதைபந்தாட்டம் நடைபெற்றது. ஐம்பது வயதை அணுகியிருந்த யாம், பதினெட்டு வயதினர் திரும்புவது போலத் திரும்ப முயன்றோம். பாதம் புல்லில் ஊன்றி நிற்க, உடல் மாத்திரம் திரும்பிற்று. 'டக்' என்றோர் ஓசை. அன்றிரவே முழங்கால் பனங்காய் போல வீங்கிவிட்டது.

தொடையெலும்புக்கும் கணைக்காலெலும்புக்கும் இடையே பிறை வடிவான இரு கசியிழையத் தகடுகள் உள. உடற்பாரத்தைப் பரப்பித் தாங்குவன அவை. உட்புறத் தகடு கிழிந்துள்ளதெனக் கண்ட வைத்தியர், சிறு துளை வழியே கருவி செலுத்திக் கிழிந்த பகுதியை மட்டும் அகற்றினார். முன்னாளில் தகடு முழுவதையுமே எடுத்துவிடுவர். அங்ஙனம் எடுத்தோரின் மூட்டில் நாளடைவில் தோன்றும் மாற்றங்களை ஃபெயர்பாங்க் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1948ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியும், அவ்வழக்கம் மறையப் பல்லாண்டுகள் சென்றன. யாம் பிற்காலத்திற் பிறந்தமை எமது பாக்கியம்.

காயம் ஆறிற்று. ஆயினும் கால் எம்முடையதாக இல்லை. கட்டிலில் நீட்டியிருந்து தொடையை இறுக்க முயன்றால், வலக்கால் உடனே கீழ்ப்படியும். இடக்கால் கேளாதது போற் கிடக்கும். சோம்பல் என்றே முதலில் எண்ணினோம். அஃது அன்று. மூட்டில் நீர் கோத்தால், அங்குள்ள நரம்புகள் முண்ணாணுக்குச் செய்தி அனுப்ப, தெறிவினையாகத் தொடையின் நாற்றலைத் தசை அடக்கப்படுகின்றது. 1965ஆம் ஆண்டு டி அன்ட்ராடே முதலான வைத்தியர்கள் முழங்கால் மூட்டினுள் திரவம் செலுத்தி இதனைக் காட்டினர். 1984ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றோர் ஆய்வின்படி, அத்தசையின் உட்பகுதியைத் தளரச் செய்ய 20 முதல் 30 மில்லிலீற்றர் நீரே போதும். அஃதாவது, தேநீர்க் கோப்பையின் அடியில் எஞ்சுமளவு நீர், ஓர் ஆண்மகனின் தொடையை ஊமையாக்கிவிடும்!

நீர் வற்றிய பின்பும் எம் கால் தேறவில்லை. நோவு பெரிதாக இருந்ததோ எனின், இல்லை. நோவு வந்துவிடுமோ என்னும் எண்ணமே பெரிதாக இருந்தது. துவிச்சக்கரவண்டியை மருமகனுக்குக் கொடுத்தோம். நிலத்திற் சப்பாணி கட்டி இருப்பதை விட்டோம். கோயிலில் விழுந்து கும்பிடுவதை விட்டுக் கைகூப்பி நின்றோம். "காலை ஆட்டாதே, பாரங் கொடாதே" என்று உறவினர் சொல்லுந்தோறும் அவர்களே பேரறிஞராகத் தோன்றினர். விட்டதொவ்வொன்றுக்கும் தொடை மேலும் மெலிந்தது. மெலிந்த தொடையைக் கண்டு அச்சம் மேலும் வளர்ந்தது.

எம் தந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. துடுப்பாட்டப் பித்தர். எமது கைத்தடியைக் காணும்போதெல்லாம், "கொம்ப்டனுக்கு முழங்காற் சில்லே இல்லையடா, உனக்கென்ன குறை?" என்பார். அவர் சொன்னது மெய். 1938இல் உதைபந்தாட்டத்தில் மோதிப் பழுதுற்ற டெனிஸ் கொம்ப்டனின் முழங்காலிலிருந்து 1955 நவம்பரிற் சில்லையே எடுத்துவிட்டனர். அடுத்த ஓகஸ்ட் மாதம் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் 94 ஓட்டங்கள் எடுத்தார். தந்தையாரின் கேலிக்கு யாம் சிரித்தோமேயன்றித் தடியைக் கீழே வைத்தோமில்லை.

2016 மாசியில் அவர் சிவபதமெய்தினார். மூத்த மகன் யாம். கோம்பயன்மணல் மயானத்திற் கொள்ளிக்குடத்தை இடத்தோளிற் சுமந்து மும்முறை சுற்றிவர வேண்டும். மேடுபள்ளமான நிலம்; நீர் நிறைந்த குடம். கால் மடங்கினால் என்ன செய்வது? குடத்தைத் தம்பியிடம் கொடுத்தோம். அவன் ஒன்றுஞ் சொல்லாது வாங்கிக்கொண்டான். கூடி நின்ற எவரும் குறை சொல்லவில்லை. நோயாளிதானே என இரங்கினர். அவ்விரக்கமே எம்மைச் சுட்டது. மூட்டு நன்றாக உள்ளதென அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே வைத்தியர் சொல்லியிருந்தார். அதனை யாம் ஒருவரிடமும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலை சென்றபோதும் யாம் மேலேயே இருந்தோம், தம்பியே படியிறங்கினான்.

அதன் பின்னரே இயன் மருத்துவரிடம் சென்றோம். எம் மகள் வயதினர். சில்லுக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் நாடாவால் அளந்து, இடத்தொடை 3 சென்றிமீற்றர் குறைவு என்றார். பின் பதினேழு வினாக்கள் கொண்ட தாளொன்றைத் தந்தார். அடிபட்டவருக்கு அசைவின்மேல் உண்டாகும் மிகையான அச்சத்துக்கு 1990ஆம் ஆண்டில் மருத்துவர் தனிப்பெயரே இட்டுள்ளனராம். அதனை அளக்கும் தாள் அது. எம் புள்ளி மிக உயர்ந்திருந்தது. பரீட்சைகளில் யாம் அத்துணை உயர்ந்த புள்ளி பெற்றதில்லை.

"நோவெல்லாம் பழுது அல்ல, ஐயா" என்றார் அவர். "மறுநாட் காலை வீங்கியிருந்தால் அளவைக் குறைப்போம், வீங்காவிட்டால் கூட்டுவோம்."

எமக்கு அச்சந் தரும் செயல்கள் பத்தினை, எளிது முதலாக எழுதச் சொன்னார். படியிறங்குதல் பத்தாவது. முதற் கிழமை ஒரு செங்கல்லின் உயரத்திலிருந்து இறங்கினோம். பின் இரண்டு கல், பின் வீட்டுத் திண்ணை. 1945ஆம் ஆண்டில், காயமுற்ற போர்வீரரின் கால்களுக்குப் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்றும் முறையை அமெரிக்காவில் டெலோர்ம் என்னும் வைத்தியர் வெளியிட்டார். இரும்புப் பாதணி கொண்டு பயிற்றுவர். எமக்கு வாய்த்தது மணல் நிரப்பிய துணிப்பை. ஒரு கிலோவிற் தொடங்கி ஏழு கிலோவரை தூக்க ஏறக்குறைய ஓராண்டாயிற்று. இடையே இரு முறை வீங்கியது. இரு முறையும் "எல்லாம் முடிந்தது" என்று படுத்துக்கொண்டோம். "பிள்ளை, இனி வேண்டாம்" என்றோம். அவர் பாரத்தைக் குறைத்தாரேயன்றி நிறுத்தவில்லை.

2017 ஆடியமாவாசை. கீரிமலையிற் பெருங்கூட்டம். கேணிப் படிகள் ஈரமாயிருந்தன. மூன்றாம் படியில் முழங்கால் 'டக்' என்றது, அதே ஓசை. யாம் அசையாது நின்றோம். பின்னால் வந்தோர் முணுமுணுத்தனர். கீழே நின்ற தம்பி கையை நீட்டினான். பற்றினோம் என்று ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை. பற்றியபடியே இறங்கி, தந்தையாரை நினைந்து மூழ்கினோம். ஏறும்போது அவன் முன்னே போய்விட்டான்.

ஆண்டுதோறும் பழைய மாணவர் ஆட்டத்துக்கு இன்றும் செல்கின்றோம். எல்லைக்கோட்டருகே கொடி பிடித்து ஓடுகின்றோம். திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் சற்று மெதுவாகத் திரும்புகின்றோம்.