கூரைமேல் எறியாத பல்

பால் பல் விழுந்தால் அதைக் கூரைமேல் எறிவது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். என் பேத்தியின் முதல் பல்லையும் எறிந்துதான் இருப்போம். ஆனால் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் கூரைக்கு எங்கே போவது? ஆகவே பல் குங்குமச் சிமிழில் தங்கிற்று.

குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. இட்டிலி தின்று கொண்டிருந்தவள், கீழ்வரிசை முன்பல் ஒன்றைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினாள். அழக்கூட இல்லை. வீட்டிலோ பெரிய விசாரணையே நடந்தது. "மிட்டாயைக் கொடுத்துக் கொடுத்துப் பல்லைப் பாழாக்கிவிட்டாயே!" என்று என் மனைவி மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். நானும் நீதிபதியைப் போல் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். மருமகள் பதில் பேசவில்லை. இரண்டு மாதத்தில் பக்கத்துப் பல்லும் விழுந்தது.

பல் வைத்தியர் சிமிழைத் திறந்து பார்த்தார்.

"இதில் சொத்தை எங்கே இருக்கிறது? வேர் முழுசாக இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

6 வயதை ஒட்டி விழும் பால் பல்லின் வேர் முன்னதாகவே கரைந்து போயிருக்குமாம். 5 வயதுக்கு முன் வேரோடு விழுந்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டுமாம்.

இரத்தத்தைச் சோதித்ததில், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி குறைவாயிருந்தது. அது குறைந்தால், எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிவதைத் தடுக்கும் ஒரு ரஸாயனப் பொருள் உடலில் தேங்கிவிடுகிறது. வேரைத் தாடையுடன் பிணைக்கும் ஸிமெண்டம் என்ற மேற்பூச்சும் சரிவர அமைவதில்லை. சாந்தில்லாமல் அடுக்கிய செங்கல்லைப் போல் பல் கழன்று விடுகிறது. பரம்பரையாக வரும் இந்த அபூர்வ நோயை 1948-ல் கனடா தேசத்து டாக்டர் ராத்பன் விவரித்து, ஹைப்போபாஸ்படேஸியா என்று பெயரிட்டார். கடுமையான வகை கைக்குழந்தையின் உயிரையே வாங்கிவிடும். அதற்கென ஓர் ஊசி மருந்து 2015-ல் சில தேசங்களில் அனுமதி பெற்றது. லேசான வகை பல்லோடு நின்று விடுவதும் உண்டு. தெய்வாதீனமாக எங்கள் குழந்தைக்கு வந்தது அதுவே.

முந்திய வருஷம் ஜுரத்துக்காக எடுத்த பரிசோதனைத் தாளிலும் அந்த எண் குறைவாகத்தான் இருந்தது. கூடினால் பயப்படுகிறோம், குறைந்தால் நல்லதென்று மடித்து வைத்துவிடுகிறோம்!

"பரம்பரை" என்றதும் குடும்பத்தில் எல்லோருக்கும் சோதனை நடந்தது. மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. என் மகனுக்கும் எனக்கும் நொதி குறைவு. மூன்று வயதில் நான் பொக்கை வாயனாயிருந்ததைச் சொல்லி என் தாயார் சிரிப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை மருமகளிடம், "அம்மா, குற்றவாளி அகப்பட்டுவிட்டான், நான்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உங்கள் வீட்டிலும் பல் அகாலத்தில் விழுந்தால், கூரைமேல் எறிய வேண்டாம். தாயின்மேல் பழியையும் எறிய வேண்டாம். பல்லைப் பத்திரமாக வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.