பரங்கிமலை முதல் பாரிமுனை வரை

பரங்கிமலை இரயில் நிலையத்தில் காலை வேளையில் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். 1931 முதல் ஓடிவரும் வண்டி அது. ஏறி அமர்ந்தால் முக்கால் மணி நேரத்தில் பாரிமுனையருகே இறங்கிவிடலாம். 2016-இல் மெட்ரோ இரயிலும் நம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. பேருந்துகளுக்கும் குறைவில்லை. இத்தனை வசதி இருந்தும், 2004-ஆம் ஆண்டு முதல் நாம் பாரிமுனையிலுள்ள அலுவலகத்துக்கு மிதிவண்டியிலேயே போய் வருகிறோம். பதினைந்து கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தொலைவு. காரணம் கேட்போரிடம், உடல்நலத்துக்காக என்று சொல்லி வைப்போம். உண்மையில் அந்த வழியின்மீது நமக்கு ஒரு பற்று உண்டு. இரயிலின் சன்னலோரத்தில் அமர்ந்து பார்க்கையில் அது நமக்குக் கிட்டுவதில்லை.

திருத்தூதர் தோமையார் வேத சாட்சியாக உயிர் துறந்த இடம் என்று மரபு போற்றும் பெரிய மலையில் நம் பயணம் தொடங்குகிறது. அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகையுள்ள சின்னமலையைக் கடந்தால் அடையாற்றுப் பாலம். இன்று நாம் கடப்பது 1966-இல் எழுந்த மறைமலையடிகள் பாலம். அதற்கு முன் அவ்விடத்தில் நின்ற பாலத்தை 1726-இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர். நடந்தே மலைக்கு வரும் திருப்பயணிகள் ஆற்றைக் கடக்கப் படும் பாட்டைக் கண்டு அவர் இப்பணியை மேற்கொண்டாராம். மலையுச்சிக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவர் செய்த அறமே. நம் பயணம் முடியும் பாரிமுனையிலோ, அர்மேனியர் பெயர் தாங்கிய தெருவில் அவர்களுடைய பழைய ஆலயமும், சில அடி தள்ளிப் புனித அந்தோணியாரைத் தேடி மக்கள் திரளும் நம் மரியன்னை இணைப் பேராலயமும் உள்ளன. அந்தத் தெருவை ஊரார் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டது வேறு கதை.

வழியில் செபமாலை சொல்வது நம் வழக்கம். மணியுருட்ட இயலாது, விரல்கள் பிரேக்கின்மேல் இருக்க வேண்டும். ஆகவே விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொள்வோம். கத்திப்பாராவில் மட்டும் எண்ணிக்கை தவறிவிடும். 2008-இல் திறக்கப்பட்ட அந்த மேம்பாலச் சுழலில் நான்கு திசை வாகனங்களும் வேகம் குறையாமல் பிரிந்து செல்கின்றன. மிதிவண்டிக்காரன் அவற்றின் இடையே குறுக்கே புகுந்துதான் கிண்டிப் பக்கம் சேர வேண்டும். அங்கே நாம் சொல்லும் செபம் வேறு.

சென்னையில் மிதிவண்டி ஓட்டுவோனுக்கு ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஒன்றல்ல. மார்கழிப் பனியில் சங்கீதம் பாடிக்கொண்டு போகலாம். அக்கினி நட்சத்திர நாள்களில் விடியுமுன் புறப்பட வேண்டும். அலுவலக மேசை இழுப்பறையில் மாற்றுச் சட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று, போகும்போது முகத்தில் அறைந்து, திரும்பும்போது முதுகைத் தள்ளிவிடும். 2015 டிசம்பர் 2 அன்று அடையாறு பெருகிப் பாலத்தை மூடிவிட்டார்கள். இரயிலும் இல்லை. தென்கரையில் நின்று செந்நீரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல். மறுநாள் சாய்ந்து கிடந்த மரங்களின்மீது வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியிறங்கி அலுவலகம் சேர்ந்தோம். அன்று போன நிழல் பல இடங்களில் இன்னும் திரும்பவில்லை. இருபது வயது மரத்தை ஓராண்டில் வளர்க்க எந்தத் திட்டத்தாலும் இயலாதல்லவா!

2021 நவம்பரில், பெருமழை பெய்த ஒரு வாரத்தில், நாம் விழுந்தோம். சைதாப்பேட்டையில் தேங்கிய நீருக்கடியில், தோண்டிச் சரியாக மூடாத பள்ளம் ஒன்று இருந்திருக்கிறது. முன்சக்கரம் இறங்கியது மட்டுமே நினைவு. கண் திறந்தபோது பேருந்தின் முன்விளக்கு ஒரு பாகத் தொலைவில் நின்றது. இறையருளால் அந்த ஓட்டுநர் விழித்திருந்தார்.

தேநீர்க் கேன் கட்டிய மிதிவண்டியில் வந்த ஒருவர் நம்மைத் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தைத் தம் முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்து, திரும்பிப் போன ஹாண்டில்பாரை நேராக்கினார். சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்து அதற்குரிய பத்து ரூபாயையும் மறவாமல் வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்:

“மெட்ரோ இருக்குதே சார், நீங்க ஏன் இதுல வர்றீங்க?”

கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்கு அவர் நாள்தோறும் மும்முறை கேனோடு செல்பவர். அதை ஏற்றிக்கொண்டு எந்த இரயிலில் போவார்? அவரிடம் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. விருப்பத்துக்காக என்று சொல்ல நா எழவில்லை.

இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் மின்சார வண்டியில்தான் சென்றோம். பொய் சொல்வானேன், சுகமாகவே இருந்தது. எதிரே அமர்ந்தவர்கள் இடம் கொடுத்தார்கள். செபமாலையை மணியுருட்டியே சொன்னோம். மழையில் நனைந்து போகும் மிதிவண்டிகளைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தபோதுதான் மனம் பொறுக்கவில்லை. காவலாளிகள், கொத்தனார்கள், தண்ணீர்க் கேன் சுமப்போர் என்று எத்தனை முகங்கள்! பதினேழு ஆண்டுகளாக அவர்களோடு போயும் பலரின் பெயரை நாம் கேட்டதில்லை. நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் முன்னுரிமை என்று மாநகராட்சி கொள்கை வகுத்தது 2014-இல். நம் வழியில் இன்றும் மிதிவண்டிக்கென ஒரு முழத் தடமும் இல்லை.

கட்டுப் பிரித்ததும் மீண்டும் மிதிவண்டியை எடுத்தோம். கனமழை நாள்களில் இரயிலில்தான் செல்வது என்று இல்லத்தரசிக்கு வாக்களித்த பிறகே சாவி கைக்கு வந்தது.

சென்ற ஆண்டு நம் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். கிண்டிக்கு அப்பால் உள்ள கல்லூரி. தானும் மிதிவண்டியில் போவதாகச் சொன்னாள். கத்திப்பாராவை நினைத்து, வேண்டாம் என்றோம். “நீங்க போறீங்களேப்பா?” என்றாள். தாயும் மகளும் நம் முகத்தையே பார்த்தார்கள். அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நாம் நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கும் சாலையில் மகளை விட மனமில்லையென்றால், தேநீர்க்காரரின் மகன் அதே சாலையில் போவதை இத்தனை காலம் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

மகள் இப்போது இரயிலில் போகிறாள். ஞாயிறு விடியற்காலையில் மட்டும், சாலை வெறிச்சோடியிருக்கும் நேரத்தில், இருவரும் இரு மிதிவண்டிகளில் சின்னமலைத் திருப்பலிக்குச் செல்கிறோம். கத்திப்பாராவில் அவளை இடப்புறம் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பூசை முடிந்ததும் பாலம்வரை போகலாம் என்றாள். உஸ்கானின் பாலத்திலிருந்து எஞ்சிய கல் அங்கே சாலையோரத்தில் நிற்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, புரியாத அந்த அர்மேனிய எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு அவள் நின்றாள். நாம் அவளுடைய வண்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஏதேனும் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.