பெரியப்பாவின் ஸ்பிரிங்

பெரியப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடைய பிஸ்டலைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். இனி யாருக்கும் ஆபத்தில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கடைசிப் பத்து வருடமும் அந்த பிஸ்டல் சுடாது. எங்கள் வீட்டைத் தவிர ஊரில் யாருக்கும் இது தெரியாது.

அவர் ராணுவத்தில் இருந்து வந்தவர். 1990களில் எங்கள் தெருவில் வீடுகள் எரிந்த பிறகு உரிமம் கேட்டு மனுப் போட்டார். வன்கொடுமை தடுப்பு விதிகள் 1995-இன் 3ஆம் விதி, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்குத் துப்பாக்கி உரிமம் தரலாம் என்கிறது. அலைந்து அலைந்து வாங்கினார். கான்பூரில் செய்யும் புது ரிவால்வருக்குப் பணம் இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் பழைய 7.65 மி.மீ. பிஸ்டலை வாங்கினார்.

அது ஸ்பெயினின் எய்பார் நகரத்தில் செய்தது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்துக்காக அங்கே பல பட்டறைகள் ஒரே மாதிரி பிஸ்டல்களைச் செய்தன. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அளவு ஒத்துவராது. ஒரு பட்டறையின் மேகசின் இன்னொன்றின் பிஸ்டலில் சரியாக உட்காராது.

குழலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்தான் முதலில் தளர்ந்தது. சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை அதுதான் முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். மேகசின் ஸ்பிரிங்கும் சோர்ந்துவிட்டது. சென்னையில் உரிமம் பெற்ற பழைய கடை ஒன்றுக்கு அவரோடு போனேன். கடைக்காரர் ஒரு டப்பா நிறைய ஸ்பிரிங்குகளைக் கொட்டி மூன்றைப் போட்டுப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கம்பி தடிமன்.

"அளவு தப்பி மாட்டக் கூடாதுங்க. இறுக்கமா இருந்தா ஸ்லைடு முழுசா பின்னால போகாது. தளர்வா இருந்தா ஸ்லைடு வந்து அடிக்கிற அடியில பழைய இரும்பு விரிசல் விட்டுடும். இதே பட்டறையோட இன்னொரு பிஸ்டல் கிடைச்சா கழட்டிப் போடலாம்" என்றார்.

அமெரிக்காவில் வோல்ஃப் போன்ற கம்பெனிகள் பழைய பிஸ்டல்களுக்கு ஸ்பிரிங் செய்து விற்கின்றன. தபாலில் வரவழைக்கலாமா என்று கேட்டேன். 1959 ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்தால் வழக்கு.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், "ஒப்படைச்சிடலாமா பெரியப்பா?"

"சுடுறதுக்கா வச்சிருக்கேன் பாப்பா? இருக்குன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். எங்கள் தெருவுக்குப் பயம் அதிகமாக இருப்பது அந்த நாட்களில்தான். அவர் எண்ணெய் போட்டுத் துடைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க நிலையத்துக்கு நடப்பார். ரசீது வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்புவார். வேலை செய்யாத பிஸ்டலை அவர் அப்படித்தான் வேலை வாங்கினார்.

முதுகலையில் சமூகவியல் படித்தபோது அதிகாரம் பற்றி நிறைய வாசித்தேன். ஆனால் 3ஆம் விதியை முழுதாகப் படித்தது அந்த பஸ் பயணத்துக்குப் பிறகுதான். நமக்கு உரிமம் தருவது அதில் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறியப்பட்ட இடங்களில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை மாநில அரசு தேவைப்பட்டால் ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

தோழர்களே, எங்கள் மாவட்டத்தில் இந்த விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறேன். உங்கள் மாவட்டத்திலும் போடுங்கள். எதிர் வீட்டுத் துப்பாக்கி கிடங்குக்குப் போயிருந்தால், பெரியப்பா ஒரு ஸ்பிரிங்குக்காகச் சென்னை வரை அலைந்திருக்க மாட்டார்.