ரெண்டாவது கார்டு

டெலிபோன் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும், "இது நின்றுபோனால் அடுத்தது எது?" என்று கேட்கத் தோன்றும். கல்யாண மண்டபத்தில் பின்பக்கம் போய் ஜெனரேட்டரை எட்டிப் பார்க்கிறவர் பெரும்பாலும் எங்கள் ஆளாகத்தான் இருப்பார்.

அந்த வியாதிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், சக்கசன்னா என்ற சின்ன ஊரில், பெல் நிறுவனம் தன் முதல் பெரிய எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. 40 வருஷத்தில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் அது நிற்கக் கூடாது என்பது இலக்கு. வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 3 நிமிடம்! அதற்காக பிராசசரை ஜோடியாக வைத்தார்கள். இரண்டும் ஒரே கணக்கை ஒரே சமயத்தில் போட்டு, விடையை ஒப்பிட்டுக்கொள்ளும். நம் நாட்டில் 1984-ல் தொடங்கிய சி-டாட், 1986-ல் கர்நாடகாவின் கித்தூரில் தன் முதல் கிராம எக்ஸ்சேஞ்சை வைத்தது. ஏ.சி. இல்லாத அறையிலும் அது ஓடும் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. சி-டாட்டின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளிலும் முக்கியமான பிராசசர்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருந்தன.

துறையை விட்டு வந்தபின் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே பில் போடுகிற கம்ப்யூட்டர் சென்னை தலைமை அலுவலகத்தில் இருந்தது. நடுவே ஒரே ஒரு பெரிய ரவுட்டர். அது நின்றால் பில் வராது. பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு ஜூஜூவாடி, அத்திப்பள்ளி செக்போஸ்ட் நிலவரம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காகிதம் சரியாக இல்லாத லாரி ஓரங்கட்டப்படும். டிரைவருக்கு அன்றைய படி போச்சு.

அந்த ரவுட்டரில் பிராசசர் கார்டுகள் இரண்டு. ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். இரண்டிலும் பச்சை விளக்கு. வாங்கி இரண்டு வருஷமாகியும் அந்த இரண்டாவது கார்டிடம் யாரும் ஒரு நாள்கூட வேலை வாங்கிப் பார்க்கவில்லை.

காத்திருப்பதில் பல வகை உண்டு. இரவு பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள் என்று வையுங்கள். இரண்டாமவர் வீட்டில் படுத்திருந்தால், கூப்பிட்டு, முகம் கழுவி வந்து சேர்வதற்குள் பஸ் வழியிலேயே நிற்கும். பின் சீட்டில் தூங்கினால் எழுப்பினால் போதும், ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பக்கத்திலேயே விழித்து உட்கார்ந்து தொப்பூர் கணவாய் தாண்டியதையும் பார்த்துக்கொண்டு வருகிறவர்தான் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். ரவுட்டர்களிலும் இந்த மூன்று வகை உண்டு. எங்களுடையது முதல் வகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் கார்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்றேன். மேனேஜர் பதறினார்.

"ஓடிக்கிட்டிருக்கறத எதுக்கு சார் நிறுத்திப் பார்க்கணும்?"

"இன்னைக்கு நாமளா நிறுத்தினா நம்ம கையில இருக்கும் சார். மாசக் கடைசியில அதுவா நின்னா யார் கையில இருக்கும்?"

அரை மனசோடு சம்மதித்தார். கழற்றினோம். இரண்டாவது கார்டு எழுந்தது, விளக்கெல்லாம் எரிந்தது, ஆனால் சென்னை லைன் வரவே இல்லை. என்னுடன் இருந்த தம்பிக்கு முகமே வெளுத்துவிட்டது. ஒரு மணி நேரம் தேடியபின் விஷயம் பிடிபட்டது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் போன வருஷம் முதல் கார்டில் புது சாஃப்ட்வேர் ஏற்றியிருக்கிறார்கள், இரண்டாவதில் ஏற்றவில்லை. செட்டிங்குகள் தானாகவே அதற்குப் பிரதி ஆகியிருந்தன. ஆனால் பழைய சாஃப்ட்வேருக்குப் புது வரிகள் சில புரியவில்லை, புரியாததை விட்டுவிட்டது. சென்னை லைன் அந்த வரிகளில்தான் இருந்தது. பச்சை விளக்குக்கு இதெல்லாம் தெரியாது. கார்டுக்கு உயிர் இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்லும்.

இரண்டிலும் ஒரே சாஃப்ட்வேரை ஏற்றி மறுபடி கழற்றினோம். ஓசூரிலேயே செய்த என் டைட்டன் வாட்சில் ஆறு நிமிடம். லைன் வந்தது. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு இது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மேனேஜரே இட்லி வாங்கி வர ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிரதி எடுக்கிற ஏற்பாட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. முதல் கார்டில் தப்பான செட்டிங் கொடுத்தால் அதையும் பக்தியோடு பிரதி எடுக்கும். அதனால் சரியாக ஓடுகிற செட்டிங்கை வேறொரு கம்ப்யூட்டரிலும், காகிதத்தில் அச்சடித்து என் மேஜை டிராயரிலும் வைத்திருந்தேன். தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு மாசக் கடைசி சாயங்காலம், முதல் கார்டு நிஜமாகவே செத்தது. பதறி ஓடியவர்கள் டிஸ்பாட்ச் பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் பில் பிரிண்டர் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. வெளியே பதினோரு லாரிகள். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. நெடுஞ்சாலை வேலைக்கு வந்த ஜே.சி.பி. ஒரு நாள் காலை மண்ணோடு கேபிளையும் வாரிவிட்டது. எங்களுக்கு இரண்டு லைன் உண்டு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டினோம். ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தன. ரவுட்டருக்குள் இரண்டு கார்டும் அம்சமாக ஓடிக்கொண்டிருந்தன, பேசத்தான் ஆள் இல்லை. அன்று லாரிகள் கிளம்ப ராத்திரி ஒன்பதாயிற்று.

மறுநாள் இரண்டாவது லைனை மொட்டை மாடி கோபுரத்திலிருந்து ரேடியோ வழியாக எடுக்க எஸ்டிமேட் எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் தொகையைக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்தக் கோபுரத்துக்கு கரண்ட் எங்கிருந்து சார் வருது?" என்று கேட்டார்.