புதையல் போன பூதம்

மாயாஜாலக் கதையோடு போனால் தயாரிப்பாளர் முதலில் கேட்பது, "பூதத்துக்கு என்னென்ன சக்தி?" என்பதுதான். நான் எழுதத் தொடங்குவது அதனால் எது முடியாது என்பதிலிருந்து. வேலை போனவனைப் பற்றிய கதை என்றால் அதில் இன்னும் கறாராக இருப்பேன். பூதம் பொன் தரட்டும், ஏழடுக்கு மாளிகை தரட்டும். போன வேலையை மட்டும் அது திருப்பித் தரக் கூடாது. தந்துவிட்டால் அதற்குமேல் எழுத ஒன்றுமே இருக்காது.

2003-ல் வந்த 'புரூஸ் ஆல்மைட்டி' படத்தில் ஜிம் கேரி தொலைக்காட்சி நிருபர். எதிர்பார்த்திருந்த பதவி போட்டியாளனுக்குப் போய்விட, நேரலையிலேயே கொதித்துப்போய் வேலையை இழக்கிறார். கடவுளைத் திட்டுகிறார், கடவுள் தன் சக்தியை அவரிடம் ஒப்படைக்கிறார். அந்தச் சக்தியை வைத்து, போட்டியாளனைச் செய்தி வாசிக்கும்போது உளறவைக்கிறார். அரங்கே சிரிக்கிற காட்சிதான். ஆனால் வேலை போன மறுநாள் காலையின் பயம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோகிறது. எனக்கு வேண்டியது அந்தப் பயம்.

கிட்டத்தட்ட அதே விதையிலிருந்துதான் சிம்புதேவனின் 'அறை எண் 305-ல் கடவுள்' (2008) முளைக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் வேலையில்லாத இரண்டு பேர். அவர்களைத் தேடி வரும் கடவுள். அவருடைய சக்தி முழுவதும் அடங்கிய பெட்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடவுள் வெறுங்கையோடு அதே மேன்ஷனில் தங்குகிறார். வேலை கிடைக்காதவர்களின் கதை, வேலை பறிபோன கடவுளின் கதையாகத் திரும்புகிற இந்த இடம் பெரிய இடம். அமெரிக்கப் படம் போகாத தூரம் அது.

தமிழ்ப் படங்களில் இந்த வலி மனிதரல்லாதவர் மேல் ஏறும்போதுதான் நன்றாகப் பிடிபடுகிறது. பிரதாப் போத்தன் இயக்கிய 'லக்கி மேன்' (1995) படத்தில் கவுண்டமணி எமன், செந்தில் சித்ரகுப்தன். ஏட்டைத் தொலைத்துவிட்டுப் பூமியில் அலைகிறார்கள். கிரீடம் தலையில் இருக்கிறது, அதிகாரம் இல்லை. 'எந்திரன்' (2010) சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்துக்கென்றே செய்யப்பட்ட இயந்திரம், அதிகாரிகள் முன்னால் காதலைப் பேசிவிடுகிறது. அவர்கள் வேண்டாம் என்று எழுந்துபோகிறார்கள். உருவாக்கியவரே வெட்டித் துண்டாக்குகிறார். துண்டுகள் குப்பைமேட்டுக்குப் போகின்றன. நேர்காணலில் தோற்றுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்க வீட்டுக்குப் போயிருக்கிற எவருக்கும் அது இயந்திரத்தின் கதையாகத் தெரியாது.

அரங்கில் போன மாதம் வேலை போன ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே நான் எழுதுகிறேன். அவரைப் போன்ற ஒருவரைத் திரையில் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எமனுக்கு வேலை போனால் சிரித்துக்கொண்டே கடைசிவரை பார்ப்பார். இந்த வகைப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம் இதுதான்.

நான் எழுதுவது சேர்வராயன் மலையிலுள்ள தலைச்சோலையில். இங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இங்கே பிறந்தது. நடிகர் முதல் தச்சர் வரை மாதச் சம்பளம். 1963-ல் சுந்தரம் மறைந்தார். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் ஓய்ந்தது. தளங்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகள்.

மந்திரம் சொன்னால் திறக்கிற குகைக் கதவைப் பின்னால் நின்று ஆட்கள்தான் இழுப்பார்கள். பாறை என்பது சாக்குத் துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும். படப்பிடிப்புத் தளங்களில் அந்த வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம், வேலை நின்றபோது எது அதிகம் உறைத்தது என்று கேட்டேன். "ஆணி வாங்கப் போனா கடக்காரர், எந்தப் படத்துக்குங்கன்னு கேப்பார் தம்பி. அப்புறம் எத்தன கிலோன்னு மட்டும் கேட்டார்" என்றார்.

என் பூதம் உருவானது அந்தப் பதிலில்தான். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். பிறகு வெட்டுவது நின்றது. என் கதையில், குகையில் புதையல் காத்த பூதம் ஒன்று, வெட்டிய மண்ணோடு புதையலும் போய்விட்டது தெரியாமல் காவல் நிற்கிறது. தெரிந்த பிறகும் நிற்கிறது. இன்னும் அதற்கு மலையைப் பெயர்க்கிற பலம் இருக்கிறது, காக்கத்தான் ஒன்றும் இல்லை. ஊருக்குள் வந்து, எதையாவது காக்கக் கொடுங்கள் என்று கேட்கிறது. பயந்தவர்கள் பொன் கேட்கிறார்கள், அது சலிக்காமல் கொடுக்கிறது. ஒரு கிழவி மட்டும், காப்பிக் களத்தில் கொட்டை காய்கிறது, ராத்திரி மழை வந்தால் படுதா போடு என்கிறாள்.

தயாரிப்பாளர் புதையல் திரும்பக் கிடைப்பதோடு படம் முடியட்டும் என்கிறார். அவர் முதல் போடுகிறவர், அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் நான் இறங்கிவரப் போவதில்லை. புதையல் கிடைத்துவிட்டால் அந்தக் களத்தில் பூதம் விழித்திருந்த இரவுகளுக்கெல்லாம் பொருளில்லாமல் போய்விடும். இப்போதைக்கு ஒத்துப்போயிருப்பது ஒரு காட்சியில்: கூலி நாளில் பூதமும் வரிசையில் வந்து நிற்கிறது. செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் எழுதக் கங்காணி பெயரைக் கேட்கிறார். இத்தனை நூற்றாண்டில் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அது என்ன சொல்லும் என்பது தெரியாமல் அடுத்த காட்சிக்குப் போக முடியாது; இந்த வாரம் முழுக்க அந்த ஒரு வசனத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.